ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்...

கண்டியில் ஏசியா என்று கொழும்பு உறவினர்கள் சிரிப்பதுண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள ஊர்தான். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கம் தகரக் கூரையின் கீழ் உறங்கிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சுகமில்லாத வாப்பாவுக்காக நாங்களும் ஒன்றைப் பூட்டினோம்.

2024 ஒக்டோபரில் ஒரு மழை மாலை. ஏசியைப் போட்டு மூன்று நிமிடத்தில் வீடே இருண்டது. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், மறுபடியும் அதே மூன்று நிமிடம். வந்த வயரிங் பாஸ் ட்ரிப் சுவிட்சை விலக்கி வயரை நேரடியாகக் கொடுத்துவிட்டு, "ஹஸ்ரத், இனி விழாது" என்றார். விழவுமில்லை. இரண்டு நாள் கழித்து, உடுப்புக் காயப்போடப் போன உம்மாவின் கை வெளியிலுள்ள ஏசிப் பெட்டியில் பட்டது. "என்னமோ விறுவிறுத்தது மகன்" என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை.

ட்ரிப் சுவிட்சின் வேலையை அதன் பிறகே கேட்டறிந்தேன். போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இடையில் சுமார் 30 மில்லி அம்பியர் வேறெங்காவது ஒழுகினால் விழுந்துவிடும். அந்த ஒழுக்கு ஒரு மனிதரின் உடல் வழியாகவும் போகலாம். பக்கத்திலுள்ள சிறிய பிரேக்கர்கள் வேறு. அவை சுமை கூடினாலோ வயர்கள் ஒன்றோடொன்று முட்டினாலோ விழுபவை. அவை விழுகின்றன என்று பெரிய பிரேக்கர் போடுவது வயரை எரிப்பதற்குத்தான் வழி.

மூன்று நிமிடக் கணக்குக்கும் காரணம் உண்டு. வாயுவின் அழுத்தம் சமப்படுவதற்காக ஏசி தன் கொம்பிரசரைச் சற்றுத் தாமதித்தே இயக்குகிறது. ஆகவே அந்நேரத்தில் விழுந்தால் பழுது பெரும்பாலும் கொம்பிரசரில் அல்லது அதற்குப் போகும் வயரில். எங்கள் வீட்டில் வயரின் உறை வெடித்து மழை நீர் இறங்கியிருந்தது. எர்த் கம்பியும் துருவேறியிருந்ததால் பெட்டியில் மின்சாரம் தங்கியது. கொம்பிரசரே போய்விட்டதென்று பயந்த எனக்கு, சில அடி வயரோடும் புதிய எர்த் கம்பியோடும் செலவு முடிந்தது.

வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடியது இவ்வளவே. ஏசியின் தனிச் சுவிட்சை அணைத்துவிட்டு ட்ரிப் சுவிட்சை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நின்றால் பழுது பெரும்பாலும் ஏசியில்; விழுந்தால் வேறெங்கோ. திரும்பத் திரும்பத் தூக்க வேண்டாம். வெளி விசிறி சுற்றாமல் ரீங்காரம் மட்டும் கேட்டால் பல வேளை கெப்பாசிட்டர்தான். விலை அதிகமில்லை. ஆனால் கரண்டை நிறுத்திய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்; கை வைக்காதீர்கள். பிளக் சுட்டால் உள்ளே பிடி தளர்ந்திருக்கிறது. 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு ஏசி சுமார் ஒரு கிலோவாற்றை மணிக்கணக்கில் இழுக்கும்; அதை நீட்டு வயரில் மின்னழுத்தியோடு சேர்த்துக் கொடுப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

இடிமுழக்கக் காலத்தில் ரிமோட்டால் அணைப்பது போதாது, உள்ளே பலகை உயிரோடுதான் இருக்கும். மேகம் திரளும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேரம் மின்வெட்டு நடந்த நாட்களில், கரண்ட் வந்தவுடன் ஏசியைப் போடாமல் சில நிமிடம் பொறுப்பதைப் பழகினோம். அது இன்றும் நல்ல பழக்கம்.

ட்ரிப் சுவிட்சில் 'டீ' எழுத்திட்ட ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தினால் அது விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது இப்போது உம்மாவின் பொறுப்பு. வீடு இருண்டால்தான் அவருக்குத் திருப்தி.