கர்ப்பமான ஆசிரியையை வேண்டாம் என்று சொல்லலாமா?

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும், தற்காலிகப் பணியில் இருக்கும் ஆசிரியைகளும் இந்த வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2009இல் சிலாங்கூர், உலு லங்காட்டில் ஒரு பெண்ணுக்குத் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. விளக்கக் கூட்டத்தில், "யாராவது கர்ப்பமா இருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்டார். அவர் மறைக்கவில்லை. அவ்வளவுதான், கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிரசவம் முடிந்து உடம்பு தேற இரண்டு மாதமாகுமே, அதுவரை மாற்று ஆளுக்கு எங்கே போவது என்பது அவர்கள் தரப்பு வாதம்.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை, வழக்குப் போட்டார். 2011 ஜூலையில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கருவுறுவது பெண்கள் மட்டுமே. அதைக் காரணம் காட்டி வேலையை மறுப்பது பாலினப் பாகுபாடு. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) விதிக்கு முரணானது என்றது தீர்ப்பு. அந்த விதியில் 'பாலினம்' என்ற சொல்லே 2001இல்தான் சேர்க்கப்பட்டது.

அப்படியென்றால் தனியார் டியூஷன் சென்டரையும் இதே விதியைக் காட்டிக் கேட்கலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அரசியலமைப்பு கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்ற கூட்டு ஒப்பந்தத்தை எதிர்த்த ஒரு விமானப் பணிப்பெண், 2005இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது இதனால்தான். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் உறுத்துகிறது.

தனியார் முதலாளிக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. (இது தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டும், சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டங்கள்.) 1.1.2023 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் இரண்டு பிரிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 41ஏ: கர்ப்பிணித் தொழிலாளியை வேலை நீக்கம் செய்யக்கூடாது. ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறுவது, ஒழுங்கீனம், தொழிலையே மூடுவது ஆகியவை விலக்கு; கர்ப்பம் காரணமில்லை என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். 69எஃப்: வேலையிடப் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் இலாகா விசாரித்து முடிவு சொல்லலாம்.

ஆனால் 69எஃப் பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறை. நேர்காணலுக்கு வந்தவர் இன்னும் தொழிலாளி இல்லையே! உலு லங்காட்டில் நடந்தது ஒரு தனியார் பாலர் பள்ளியின் நேர்காணலில் நடந்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு 8(2)உம் கைகொடுக்காது, 69எஃபும் எட்டாது. ஆகவே கேள்வியில் முதலாளி யார், சம்பவம் வேலையில் சேர்வதற்கு முன்பா பின்பா என்று பார்த்த பிறகே பிரிவின் எண்ணை எழுதுங்கள்.