நிக்காஹ் நாடாவைக் கணினியில் ஏற்றுமுன்...

அலமாரியின் மேல்தட்டில், பழைய துணியில் சுற்றி வைத்த கறுப்பு வீடியோ நாடா ஒன்று காரைக்குடி, இளையான்குடிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. விடுப்புக் கிடைக்காமல் மகளின் நிக்காஹுக்கு வர இயலாத தகப்பனார், அந்த நாடாவின் பிரதியைத்தான் வளைகுடா நாட்டு அறையில் போட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். மறைந்துவிட்ட பெரியவர்களின் முகமும் குரலும் அதில்தான் இருக்கின்றன.

1976-இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். முறைக்கு இப்போது ஆதரவில்லை. கடைசியாக வீ.சி.ஆர். தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஓடுகின்ற கருவி கிடைக்கும்போதே நாடாவைக் கணினியில் ஏற்றிவிடுவது நல்லது. நாடாவில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் கருவியில் போடாதீர்கள். அது கருவியின் தலையைக் கெடுப்பதோடு அடுத்த நாடாவுக்கும் பரவும். முதலில் தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சுருக்குவது ஏன்?

நம் நாட்டு பால் முறையில் விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. இவற்றைச் சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 74 ஜிகாபைட் இடம் வேண்டும். ஆகவே கணினி, முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு இடத்தை மிச்சப்படுத்துகிறது. அசையாமல் அமர்ந்திருக்கும் மணமகனுக்குச் சொற்ப இடம் போதும். பந்தலில் நகரும் கூட்டத்துக்கும், மின்னும் ஜரிகைக்கும் அதிகம் வேண்டும். பழைய நாடாவின் புள்ளி இரைச்சலையும் கணினி அசைவாகவே எண்ணுவதால், அதற்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

எந்த வடிவம்?

ஒரு காலத்தில் கடைகளில் வி.சி.டி.யாக மாற்றிக் கொடுத்தார்கள். அது எம்பெக்-1 முறை. அதில் கோடுகள் 288தான். பாதிக் கோடுகள் கைவிடப்படுகின்றன. விநாடிக்கு 1.15 மெகாபிட் வீதம் என்பதால் அசைவு மிகுந்த காட்சிகள் கட்டம் கட்டமாகச் சிதறும். இழந்ததைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வி.சி.டி. எடுத்தாயிற்று என்று மூல நாடாவை எறிந்தவர்கள் இதை எண்ணி வருந்துகிறார்கள்.

எம்பெக்-2 முறையில் 576 கோடுகளும் நிற்கும். விநாடிக்கு 6 மெகாபிட் வைத்தால் மணிக்குச் சுமார் 2.7 ஜிகாபைட் ஆகும். ஒரு சாதாரண டிவிடியில் ஏறக்குறைய 100 நிமிடம் அடங்கும். 2003-இல் வந்த எச்.264 முறை இதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் தரும், கைப்பேசியிலும் ஓடும். ஒலிக்குத் தேவைப்படும் இடம் மிகக் குறைவு. அதில் சிக்கனம் வேண்டாம். விநாடிக்கு 192 கிலோபிட் வையுங்கள்.

இன்னொன்று. தொலைக்காட்சிப் படம் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரு தவணையாக வரைவது. கணினித் திரையில் கையசைவின் ஓரம் சீப்புப் பற்கள் போலத் தெரிவது இதனால்தான். காப்புப் பிரதியை அப்படியே விட்டுவிட்டு, உறவினருக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் கோடுகளை இணைத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சி நிகழ்ச்சியானால்?

டிஜிட்டல் பெட்டிக்கு வரும் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதைக் கம்பி வழியே கணினியில் எடுத்து மறுபடி சுருக்கினால் தரம் இருமுறை குறையும். பெட்டியிலேயே யு.எஸ்.பி. பதிவு வசதி இருந்தால் வந்தது வந்தபடியே பதிவாகும். ஆனால் பல பெட்டிகளில் அந்தப் பதிவு அதே பெட்டியில் மட்டுமே ஓடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். மூல நாடாவையும் எறிந்துவிடாதீர்கள். பாட்டனாரின் முகத்தை நேரில் காணாத பேரப்பிள்ளைகள், அவர் துஆக் கேட்கும் குரலையாவது கேட்டு வளரட்டும், இன்ஷா அல்லாஹ்.