துவர்ப்பின் அரசியல்: முதிர்ந்த பர்கண்டி ஒயினைச் சுவைப்பதும் சேமிப்பதும்

ஒயினைப் பற்றியா எழுதுவது, அதுவும் இந்தப் பக்கங்களிலா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சினிமாவைப் பற்றி எழுதலாம், விளம்பரத்தைப் பற்றி எழுதலாம். நாக்கைப் பற்றி என்றால் மட்டும் நமக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. சிந்தனை தலையில் நடக்கிறது, சுவை உடம்பில் நடக்கிறது, உடம்பு கீழே, தலை மேலே என்ற பழைய அடுக்குமுறைதான் இந்தக் கூச்சத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ரொலான் பார்த்துக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. 1957இல் வெளிவந்த 'தொன்மங்கள்' நூலில் ஒயினையும் பாலையும் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். பியர் போர்தியு 1979இல் வெளியிட்ட 'டிஸ்டிங்ஷன்' நூலோ, ரசனை என்று நாம் சொல்வது வர்க்கத்தின் மொழி என்று காட்டியது.

இந்தக் கட்டுரையின் நோக்கம் எளிமையானது. முதிர்ந்த சிவப்பு பர்கண்டி ஒயின் என்றால் என்ன, அதை எப்படிச் சுவைக்கிறார்கள், எப்படிப் பாதுகாத்து வைக்கிறார்கள் என்பதை விளக்குவது. விளக்கிக்கொண்டு போகும்போதே இன்னொரு கேள்வியும் கூடவே வரும். ஒரு சுவையின் பின்னாலுள்ள அதிகாரத்தைக் கட்டுடைத்துவிட்டால், அந்தச் சுவை இல்லாமல் போய்விடுமா?

1

முதலில் நிலம். பிரான்சின் கிழக்கே, டிஜோன் நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சரிவு ஓடுகிறது. பெயர் கோட் தோர். வடபாதி கோட் த நுயி, தென்பாதி கோட் த போன். இங்கே சிவப்பு ஒயின் என்றால் அநேகமாக ஒரே திராட்சைதான்: பினோ நுவார். தோல் மெல்லிசு, நிறமி குறைவு, சீக்கிரம் நோய் பிடிக்கும். வளர்ப்பவனுக்குத் தொல்லை கொடுக்கும் கொடி. ஆனால் மண்ணும் வெயிலும் கொஞ்சம் மாறினால்கூட அதன் சுவை மாறிவிடும். அதனால்தான் பர்கண்டிக்காரர்கள் திராட்சையின் பெயரை விட்டுவிட்டு வயல்துண்டின் பெயரைச் சீட்டில் எழுதுகிறார்கள். அந்தத் துண்டுக்கு 'க்ளிமா' என்று பெயர். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது 1247 க்ளிமாக்கள் கணக்கில் இருந்தன.

இந்தத் துண்டுகளுக்கிடையே நான்கு படி ஏற்றத்தாழ்வு இருக்கிறது. அடியில் வட்டார ஒயின். அதற்கு மேலே கிராம ஒயின். அதற்கு மேலே 'ப்ரமியே க்ரூ', அதாவது முதல்தர வயல். உச்சியில் 'கிராண்ட் க்ரூ'. மொத்த விளைச்சலில் இந்த உச்சிப்படி ஒன்றிரண்டு சதவீதம் மட்டுமே.

இந்த அடுக்கு இயற்கை கொடுத்தது போலப் பேசப்படும். இல்லை. இதற்கு வரலாறு இருக்கிறது. 1395இல் ஃபிலிப் என்ற கோமகன் கமே என்ற திராட்சையைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டான். கமே சுலபமாக விளையும், நிறைய காய்க்கும். அதாவது ஏழை விவசாயிக்கு உகந்த கொடி. 1855இல் ழூல் லவால் என்ற மருத்துவர் வயல்களைத் தரம் பிரித்து ஒரு நூல் எழுதினார். 1861இல் போன் நகர வேளாண் குழு அதை வரைபடமாக்கியது. 1930களில் வந்த சட்டபூர்வமான தர வகைப்பாடு பெருமளவு அந்த வரைபடத்தின் மேல் நிற்கிறது. ஆக, சீட்டில் இருக்கிற இரண்டு சொல்லுக்குள்ளே கோமகனும் மருத்துவரும் குழுவும் சட்டமும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு பெருங்கதையும் உண்டு: இந்த நிலத்தை அறிந்தவர்கள் துறவிகள் என்பது. 1098இல் நிறுவப்பட்ட சித்தோ மடத்தின் துறவிகள்தான் க்ளோ த வூஜோ என்ற மதில் சூழ்ந்த ஐம்பது ஹெக்டேர் தோட்டத்தை உருவாக்கினார்கள். உண்மைதான். ஆனா அந்தச் சபையின் மடங்களில் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஓதுகிற துறவி ஒருவகை. எழுத்தறிவில்லாத, மடத்தின் தேர்தலில் வாக்கில்லாத, தனிப் பந்தியில் சாப்பிட்ட உழைப்புச் சகோதரன் இன்னொரு வகை. வயல்வேலையின் பெரும் பாரம் இரண்டாமவன் தோளில். எந்த வரிசையில் எப்போது பழுக்கும் என்று கைக்குத் தெரிந்தவன் அவன். சரித்திரத்தில் பெயர் வாங்கியவன் மற்றவன். புரட்சி வந்து மடத்துச் சொத்தைப் பறிமுதல் செய்து விற்றது. 1889இல் க்ளோ த வூஜோ துண்டு துண்டாக விற்கப்பட்டது. இப்போது அதே மதிலுக்குள் எண்பது பேர் அளவுக்கு உடைமையாளர்கள். ஒரே பெயர், எண்பது விதமான ஒயின். எனவே பர்கண்டியில் வயலின் பெயரை மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். தயாரித்தவர் பெயரையும் சேர்த்துப் படிக்கணும்.

2

ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்வோம். கெவ்ரி-ஷாம்பெர்தான் கிராமத்தில் 'க்ளோ சேன்-ழாக்' என்ற வயலின் 2005ஆம் ஆண்டு ஒயின் என்று வச்சிக்குவோம். சட்டப்படி இது ப்ரமியே க்ரூதான். ஆனால் உச்சிப்படிக்கு இணையாகப் பலரும் மதிக்கிற வயல். அடுக்குமுறைக்குள்ளேயே ஒரு விரிசல்.

குடிப்பதற்கு ஒருநாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்கையில் இருந்த மண்டி அடியில் இறங்க அவ்வளவு நேரம் தேவை. கள்ளில், கஷாயத்தில் மண்டி பார்த்த நமக்கு இது புதுசில்லை. பதினைந்து பதினாறு டிகிரி குளிர்ச்சியில் திறக்கலாம். தக்கை பழசாகியிருக்கும், மெதுவாக இழுக்கணும். பாட்டிலை ஆட்டாமல், ஒரே சாய்ப்பில் ஊற்றி, மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிட வேண்டும். இளம் ஒயினைக் குடுவையில் ஊற்றிக் காற்றாட விடுவதுண்டு. முதிர்ந்த பினோ நுவாரை அப்படி மணிக்கணக்கில் விட்டால் இருக்கிற வாசமும் பறந்துவிடும்.

பிறகு கண். வயிறு அகன்ற, வாய் குறுகிய கிளாஸில் மூன்றிலொரு பங்கு ஊற்றி, ஒரு வெள்ளைத்தாளுக்கு மேலே சாய்த்துப் பாருங்கள். இளசாக இருந்தபோது ஊதா கலந்த மாணிக்கச் சிவப்பு. இப்போது நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். நிறம் வெளிறிப்போனது குறை இல்லை. அது வயசு.

பிறகு மூக்கு. முதலில் ஆட்டாமல் முகரணும், அப்புறம் கிளாஸைச் சுழற்றி முகரணும். செர்ரி, ராஸ்பெர்ரி மாதிரியான பழவாசம் இளம் ஒயினுடையது. முதிர்ந்ததில் அது பின்னால் போய், மழைக்குப் பிறகு மக்கிய இலைச்சருகு, காளான், பதனிட்ட தோல், சில சமயம் வேட்டை இறைச்சியின் வாடை முன்னால் வரும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் மட்டும் வந்தால் அது முதிர்ச்சி இல்லை, தக்கை வழியாக வந்த டி.சி.ஏ. என்ற வேதிப்பொருள். எந்தப் பெரிய பெயராக இருந்தாலும் கீழே கொட்டிவிட வேண்டியதுதான்.

கடைசியில் நாக்கு. ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல், கன்னம், ஈறு எல்லாம் படும்படி உருட்டிப் பாருங்கள். புளிப்பு எச்சில் ஊறச் செய்யும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வந்த டேனின் வாயை இழுத்துப் பிடிக்கும். அதுதான் துவர்ப்பு. ஐரோப்பியப் பாடநூல்கள் நெடுங்காலம் நான்கு சுவைதான் சொல்லிவந்தன, அதில் துவர்ப்பு கிடையாது. அதைத் தொடுவுணர்ச்சி என்று தனியே ஒதுக்கினார்கள். நம் அறுசுவைக் கணக்கில் அது சமமாக உட்கார்ந்திருக்கிறது. வாழைப்பூவும் நெல்லிக்காயும் பாக்கும் தெரிந்த நாக்குக்கு டேனினை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இளம் ஒயினில் அந்தத் துவர்ப்பு பச்சைப் பாக்கு மாதிரி கடிக்கும். முதிர்ந்ததில் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி, பிடி தளர்ந்து பின்னால் ஒரு இனிப்பு நிற்கும். விழுங்கிய பிறகு அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையே முக்கியமான அளவுகோலாக வைக்கிறார்கள்.

இந்த வாசங்கள் எல்லாம் நிஜமா, சொல்லாடலா? இரண்டும்தான். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். கண் பார்த்ததை மூக்கு ஒப்பித்தது. இதை வைத்துக்கொண்டு 'எல்லாம் பம்மாத்து' என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். சொல் நம் புலன்களுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் இதிலிருந்து தெரிவது. எழுதுகிறவர்களுக்கு இது தெரியாததா? அமெரிக்காவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் 1984இல் ஒரு வாசனைச் சக்கரம் உருவாக்கினார். 'நேர்த்தி', 'கம்பீரம்' போன்ற மேட்டுக்குடிச் சொற்களுக்கு அதில் இடமில்லை. கிராம்பு, வைக்கோல், காளான் என்று யார் வேண்டுமானாலும் முகர்ந்து சரிபார்க்கக்கூடிய சொற்கள் மட்டுமே. சுவையின் மொழியைக் கோட்டையிலிருந்து இறக்கிச் சமையலறைக்குக் கொண்டுவந்த காரியம் அது.

3

இப்போது நிலவறை. பாட்டிலுக்குள்ளே என்ன நடக்கிறது? நிறமியும் டேனினும் ஒன்றோடொன்று பிணைந்து பெருத்து, கனம் தாங்காமல் மண்டியாக அடியில் இறங்குகின்றன. அதனால்தான் நிறம் வெளிறுகிறது, துவர்ப்பு தளர்கிறது. தக்கை வழியே மிகமிகக் கொஞ்சமாகப் பிராணவாயு உள்ளே கசிகிறது. பழவாசங்கள் உடைந்து வேறு வாசங்களாகின்றன. இது மெதுவாக நடக்க வேண்டும். வெப்பம் கூடினால் வேதிவினை வேகமெடுத்து, ஒயின் முதிர்வதற்குப் பதில் வெந்துபோகும்.

ஆகவே விதிகள். பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி. அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். எழுபது சதவீதம் அளவுக்கு ஈரப்பதம், இல்லேன்னா தக்கை காய்ந்துவிடும். இருட்டு வேண்டும், அதிர்வு கூடாது. தக்கை நனைந்திருக்கும்படி பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். நல்ல ஆண்டின் கிராம ஒயின் பொதுவாக ஐந்திலிருந்து பத்து வருஷம் தாங்கும், ப்ரமியே க்ரூ பத்து பதினைந்து, கிராண்ட் க்ரூ இருபதும் அதற்கு மேலும். நடுவில் சில வருஷங்கள் ஒயின் வாயை மூடிக்கொள்ளும். பழமும் இல்லை, முதிர்ச்சியும் இல்லை, ஒரு மௌனம். தெரியாதவன் அப்போது திறந்துவிட்டு ஏமாந்தேன் என்பான். எப்போது அது மறுபடி பேசும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒயினில் மூன்று நான்கு பாட்டில் வைத்திருந்து சில வருஷங்களுக்கு ஒன்றாகத் திறந்து பார்க்கிறார்கள்.

4

நிறுத்தி யோசிப்போம். மூன்று நான்கு பாட்டில். இருபது வருஷம். நிலத்தடி அறை. யாரிடம் இதெல்லாம் இருக்கும்? முதிர்ந்த ஒயின் என்பது சேமிக்கப்பட்ட காலம். காத்திருக்க முடிவதே ஒரு மூலதனம். கொடி வளர்த்த சிறு விவசாயிக்கு நெடுங்காலம் அது வாய்க்கவில்லை. பீப்பாயோடு புது ஒயினை வணிகனுக்கு விற்றால்தான் அடுத்த பருவம் வரை ஓட்ட முடியும். பீப்பாய் வணிகனின் நிலவறைக்குப் போனது, காலத்தின் லாபமும் அங்கேயே போனது. அங்கே கலப்படமும் நடந்தது. மெலிந்த பர்கண்டியில் ரோன் பள்ளத்தாக்கின் ஒயினையும் அல்ஜீரிய ஒயினையும் சேர்த்துத் தடிப்பாக்கி, அதே பெயரில் விற்றார்கள். பார்த் தன் கட்டுரையின் முடிவில் கை வைத்தது இந்த இடத்தில்தான்: ரொட்டிக்கே வழியில்லாத அல்ஜீரிய முஸ்லிம்களின் நிலத்தில் அவர்கள் குடிக்காத ஒயினுக்குக் கொடி நட்டது காலனியம் என்பதை மறந்தால்தான் ஒயின் வெறும் ஆனந்தமாக இருக்க முடியும் என்றார். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெறும் காலம்வரை உலகில் அதிகமாக ஒயின் ஏற்றுமதி செய்த நாடு அதுதான்.

1920களிலும் 30களிலும் தயாரிப்பாளர்கள் சிலர் வணிகர்களை எதிர்த்துத் தாங்களே பாட்டிலில் அடைத்து, தங்கள் பெயரில் விற்கத் தொடங்கினார்கள். 'தெர்வார்', அதாவது மண்வாகு, என்ற சொல் அந்தப் போராட்டத்தில் ஒரு ஆயுதம்: இது எங்கள் மண், இதன் பெயர் எங்களுடையது. அந்தச் சொல்லுக்கு அப்புறம் நேர்ந்ததைப் பாருங்கள். அதே பெயர்களின் மேல் ஏறி நிலத்தின் விலை போய்விட்டது. 2014இல் க்ளோ தெ லாம்ப்ரே, 2017இல் க்ளோ த தார் என்று மதில் சூழ்ந்த தோட்டங்கள் ஆடம்பரப் பொருள் முதலாளிகளின் கைக்குப் போயின. 2018இல் நியூயார்க்கில் 1945ஆம் ஆண்டு ரொமானே-கோந்தி பாட்டில் ஒன்று 5,58,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த விலையில் யாரும் நாக்கை வைப்பதில்லை.

இதற்குள்ளேயே கேலிக்கூத்தும் நடந்தது. ருடி குர்னியவான் என்பவர் கலிஃபோர்னியாவில் தன் வீட்டில் ஒயின்களைக் கலந்து, பழைய சீட்டு ஒட்டி விற்றார். 2008இல் ஏலத்துக்கு வந்த அவருடைய சரக்கில் போன்ஸோ குடும்பத்தின் பெயரில் 1945ஆம் ஆண்டு க்ளோ சேன்-தெனி இருந்தது. அந்தக் குடும்பம் அந்த வயலில் ஒயின் செய்யத் தொடங்கியதோ 1980களில். 2013இல் குற்றம் நிரூபணமாகி, 2014இல் பத்து வருஷத் தண்டனை கிடைத்தது. அதுவரை அவர் பாட்டில்களைக் குடித்துப் புகழ்ந்த நிபுணர்கள் எத்தனை பேர்! நாக்கு கண்டுபிடிக்காததைச் சீட்டின் தேதி கண்டுபிடித்தது.

அப்படியானால் சுவை பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தகவலோடு முடிக்கிறேன். போன் நகரத்தில் அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதல் 2018 வரை தொகுக்கப்பட்டுள்ளன. 1987 வரை சராசரி செப்டம்பர் 28. 1988க்குப் பிறகு சராசரியாகப் பதின்மூன்று நாள் முன்கூட்டியே அறுவடை. அறுநூற்றுச் சொச்சம் வருஷமாகக் கைகள் பார்த்துப் பார்த்துப் பறித்த தேதி, இன்று பூமி சூடாவதற்குச் சாட்சி சொல்கிறது. வெயில் கூடினால் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். இருபது வருஷம் தாங்கவைக்கிற அந்தப் புளிப்பு குறைந்தால் நிலவறையில் வைப்பதற்கே அர்த்தம் மாறும். அந்த மாற்றத்தை முதலில் உணரப்போவது கவனமாகச் சுவைக்கத் தெரிந்தவர்கள்தான், கொடிக்கு நடுவே வேலை செய்கிறவர்கள் உட்பட.

சுவை ஒரு அறிவு. அதை மேட்டுக்குடியின் நளினம் என்று தள்ளிவிட்டால், வாக்கில்லாத அந்த உழைப்புச் சகோதரனின் கையறிவையும் சேர்த்தே மேட்டுக்குடிக்குத் தாரை வார்த்தவர்கள் ஆவோம். கட்டுடைக்க வேண்டியது காத்திருப்பின் மேல் உள்ள ஏகபோகத்தை. துவர்ப்பு எல்லோர் நாக்கிலும் இருக்கிறது.