வயல்வெளிக்கும் ஒரு காவல்

தேர்த் திருவிழாவிலும் வாக்குச்சாவடியிலும் காக்கி உடுத்தி நிற்பவர்கள் எல்லோரும் போலீஸார் அல்லர். அவர்களில் பலர் ஊர்க்காவல் படைத் தொண்டர்கள். மற்ற நாட்களில் கடை வைத்திருப்பார்கள், தச்சு வேலை செய்வார்கள், ஏர் உழுவார்கள். மாதச் சம்பளம் கிடையாது. அழைக்கப்பட்ட நாளுக்குப் படி உண்டு. அந்தப் படி, போலீஸ் கான்ஸ்டபிளின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடாக இருக்க வேண்டுமென்று 2015 இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

1946 டிசம்பரில், கலவரக் காலத்தில், அன்றைய பம்பாய் மாகாண உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயின் முயற்சியால் தோன்றிய படை இது. 1962 சீனப் போரை ஒட்டி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. நம் மைசூர் மாநிலமும் அதே ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியது. பணிக்கு அழைக்கப்பட்ட தொண்டருக்குப் போலீஸ்காரருக்குரிய அதிகாரம் உண்டு. அழைக்கப்படாத நாளில் அவரும் நம்மைப் போன்ற குடிமகனே. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கவயல்காரர்களுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். 2001 பிப்ரவரி 28 இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நந்திதுர்க் லைன் வீடுகளிலிருந்து காலை ரயிலில் பெங்களூர் போகிறவர்கள் போக, சுற்றுப்புறத் தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களும் உண்டு. சிறிது நிலம் வாங்கிப் பயிரிடுகிறவர்களும் உண்டு. அந்த நிலங்களை முன்பு தோட்டி, தளவாரர், ஏரித் தண்ணீரைப் பகிர்ந்துவிடும் நீர்கண்டி என்று யாராவது தினமும் சுற்றி வருவர். பரம்பரைக் கிராமப் பதவிகள் 1960களில் ஒழிக்கப்பட்டன. ஒழிந்தது நியாயமே. ஆனால் வரப்பில் நடந்து பார்க்கும் கண்ணும் அத்துடன் போயிற்று.

இன்று வயலில் உயிரை வாங்குபவற்றில் முதலாவதாக மின்வேலியைச் சொல்வேன். பன்றிக்கும் யானைக்கும் பயந்து, வீட்டு மின்சாரத்தையே கம்பியில் இழுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 3 யானைகள் இப்படித்தான் மாண்டன. விடியுமுன் களை எடுக்கப் போகும் பெண்ணுக்கும் அதே கம்பிதான். "பியூஸ் போய்விடுமே" என்பார்கள். போகாது. 5 ஆம்பியர் பியூஸ் உருக 5 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனித இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். போதாக்குறைக்கு, 230 வோல்ட் மாறுமின்சாரம் தசையை இறுக்கிப் பிடிப்பதால் கையை உதறவும் முடியாது.

முறையான சூரிய மின்வேலியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தாலும், ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத் துடிப்பாகவே வரும். இரு துடிப்புகளுக்கு நடுவே கையை எடுத்துவிடலாம். ஆக, வோல்ட் எண்ணைப் பார்த்துப் பயன் இல்லை. கம்பி எங்கிருந்து வருகிறது என்றே பார்க்க வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க.

அடுத்தது கைவிட்ட போர்வெல். ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தும் தண்ணீர் வராத குழிகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு குழிக்குள் விழுந்து மடிந்ததை நாடே பார்த்தது. 2010 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருந்தது: துளைப்பதற்கு 15 நாள் முன் அறிவிப்பு, சுற்றிலும் முள்வேலி, குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை, வாய்க்கு இரும்பு மூடி, கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புதல். இருந்தும் ஒரு சாக்குத் துணியே மூடியாகக் கிடக்கும் குழிகள் உண்டு.

சாலையில் பரப்பிய ராகியிலும் கொள்ளுக்கொடியிலும் இருசக்கர வண்டி சறுக்குவது அறுவடைக் காலத்து வழக்கம். அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை.

அண்டை வீட்டுக்காரனின் கம்பியைப் பற்றிச் சொன்னால் பகை வரும். ஆகவே எல்லோரும் அறிந்தும் வாய் திறப்பதில்லை. ஊர்க்காவல் படைக்காரர் அதே ஊரார். ஆனால் சீருடையில் வந்து சொன்னால் கடமையாகச் சொல்கிறார் என்றாகும். தேரடியில் நிறுத்துவது போல, மாதம் ஒரு நாள் அவரை மின்வாரிய லைன்மேனுடனும் பஞ்சாயத்து உறுப்பினருடனும் வயல் சுற்ற அனுப்பும்படி மாவட்டக் கமாண்டன்டிடம் மனுக் கொடுக்கலாம். கிராம சபையில் அதைத் தீர்மானமாக எழுதி இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

ஒன்றை மட்டும் அஞ்சுகிறேன். 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது ஹாசன் மாவட்டத்தில் ஒரு தோட்டத்தையே இரவில் பறித்துச் சென்றார்கள். அத்தகைய நேரத்தில் இளைஞர்கள் தடியுடன் காவலிருப்பது இயல்பே. ஆனால் அந்நியனைக் கண்டதும் கட்டிவைத்து அடிப்பது குற்றம். கூலி தேடி வரும் வெளியூர்க்காரன் நாளை நம் பிள்ளையாகவும் இருக்கலாம். கண்ணெதிரே கடுங்குற்றம் செய்பவனைத் தனி மனிதர் பிடிக்கலாம். ஆனால் 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40 ஆம் பிரிவுப்படி, 6 மணி நேரத்துக்குள் போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். 112 க்கு ஒரு போன் செய்தாலே போதும்.

படையில் சேர விரும்பும் நம் இளைஞர்கள், பெண்கள் உட்பட, அருகிலுள்ள காவல் நிலையத்தில் விசாரித்தால் அடுத்த சேர்ப்பு எப்போது என்று சொல்வார்கள்.