சோனாகாச்சிப் பெண்கள் ஏற்றிய விளக்கு

நோய்க்குச் சாதியில்லை, குலமில்லை என்பர். ஆயினும் நோயுற்றவர் வைத்தியரை நாடிச் செல்லும் வழியில் எத்தனை படலைகள்! வறுமை ஒரு படலை, வெட்கம் மற்றொன்று, ஊரார் வாய் மூன்றாவது. இம்மூன்றையும் தாண்ட இயலாதோர் பெருநகரங்களின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலே பல்லாயிரவர் வாழ்கின்றனர். எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி அவர்களிடையே புகுந்தபோது நிகழ்ந்த வரலாறு ஒன்றை இன்று வாசகர்க்குக் கூற விழைகின்றோம். பேசக் கூசும் பொருளாயிற்றே என்று முகஞ்சுளிப்போரும் இருக்கலாம். பேசாதிருந்தமையாற் பெருகிய நோய் இது என்பதை நினைவிற் கொண்டு மேலே படிப்பாராக.

சென்னையில் ஒரு திடுக்கீடு

அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டில் முதன்முதல் இனங்காணப்பட்ட இந்நோய் இந்தியாவில் வாராது என்பதே அக்காலத்திற் பலருடைய நம்பிக்கையாக இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியற் பேராசிரியையாக விளங்கிய டாக்டர் சுனிதி சாலமன் அவ்வாறு நம்பியிருக்கவில்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதனை ஆராயும் பணியை ஒப்படைத்தார். அரசாங்க இல்லமொன்றிலே தடுத்து வைக்கப்பட்டிருந்த விலைமாதரின் இரத்தத்தை நிர்மலா சேகரித்து, வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தார். ஆறு பேரின் இரத்தத்திலே கிருமியின் அடையாளம் தென்பட்டது. அமெரிக்காவிற் செய்யப்பட்ட மறுசோதனையும் அதனை உறுதிசெய்தது. இது நிகழ்ந்தது 1986ஆம் ஆண்டில்.

இதன் பின் நடந்தது யாது? கிருமி தொற்றியவர் எனக் கண்ட பெண்கள் பலர் இல்லங்களிலேயே அடைத்து வைக்கப்பட்டனர். பெண் பத்திரிகையாளர் ஒருவர் இதனை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்காடிய பின்னரே, 1990ஆம் ஆண்டில், அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. சினங்கொண்டு அவர்களை அடைத்தவர்கள் ஒன்றைச் சிந்திக்கவில்லை. சோதனைக்கு வந்தாற் சிறை என்றறிந்த பின் யார்தாம் சோதனைக்கு வருவர்? பூட்டிய கதவுக்குள்ளே சிலர் இருந்தனர். நோயோ கதவுக்கு வெளியே உலாவிற்று.

கல்கத்தாவிற் கண்ட புதுவழி

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரின் வடபாகத்திலே சோனாகாச்சி என்றொரு பகுதி உண்டு. பல்லாயிரம் பெண்கள் உடலை விற்று உயிர்வாழும் இடம் அது. 1992ஆம் ஆண்டில், அகில இந்திய சுகாதார, பொதுச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே நோய்த் தடுப்பு வேலையைத் தொடங்கினார்.

ஆணுறையைப் பயன்படுத்துமாறு புத்தி கூறிவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுவது எளிது. அப்பெண்களிடம் பேசிப் பார்த்த ஜானாவுக்கோ உண்மை வேறாகத் தோன்றியது. நோயின் கொடுமையை அறியாமலா அவர்கள் இருந்தனர்? அறிந்தும் மறுக்க வலியற்று இருந்தனர். ஆணுறை வேண்டாமென வற்புறுத்தும் ஒருவனைத் திருப்பி அனுப்பினால் அன்றைய அடுப்பு எரியாது. வட்டிக்காரன் வாசலில் நிற்பான், வீட்டுக்காரி சினப்பாள், பொலீஸாரிடம் முறையிடச் சென்றாலோ பழி அவள் தலையிலேயே விழும். ஆகவே கிருமியைத் தடுப்பதற்கு முன் இக்கட்டுகளை அவிழ்க்க வேண்டும் என அவர் துணிந்தார்.

முதற் காரியமாக, அப்பெண்களுள்ளேயே சிலரைத் தெரிந்து பயிற்சியளித்து, சம்பளம் பெறும் சுகாதார ஊழியராக்கினார். பச்சை மேலங்கி அணிந்து அவர்கள் வீடு வீடாகச் சென்றனர். வெளியார் பத்து முறை கூறியும் செவியில் ஏறாதது, தம்மோடொத்த துயருடையாள் ஒருமுறை கூறியதும் ஏறிற்று. ஒருத்தி மட்டும் ஆணுறையை வற்புறுத்தினால் வந்தவன் அடுத்த வீட்டுக்குப் போவான். ஒழுங்கை முழுவதும் ஒரே சொல்லாய் நின்றால் அவன் எங்கே போவான்? ஒற்றுமையே மருந்தாயிற்று.

1995ஆம் ஆண்டில் அப்பெண்கள் 'துர்பார்' என்னும் தம் சங்கத்தை நிறுவினர். அடக்கவியலாதது என்பது அச்சொல்லின் பொருள். அதே ஆண்டில் 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. ஐக்கிய நாணய சங்கங்களின் பயனை நன்கறிந்த நம்மவர்க்கு அதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நல்லொழுக்கமுடையோரே கூட்டுறவில் உறுப்பினராகலாம் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் எனப் பதிந்துகொள்ளுங்கள் என்று யோசனை கூறப்பட்டபோது அவர்கள் இணங்கவில்லை. பொய்ப்பெயரில் வாழ்வு வேண்டாம் என்று உறுதியாய் நின்று, விதியையே தளர்த்தச் செய்தனர். வட்டிக்காரனின் பிடி தளர்ந்தது. மறுத்துச் சொல்லும் துணிவு வளர்ந்தது.

1992ஆம் ஆண்டில் நூற்றுக்கு மூன்று பேரளவிலேயே ஆணுறையைத் தவறாது பயன்படுத்தினர். அப்பத்தாண்டு முடிவதற்குள் அத்தொகை எண்பதுக்கும் மேலாக உயர்ந்தது. மும்பையில் இத்தொழிலில் ஈடுபட்டோருள் அக்காலத்தில் பாதிப் பேருக்கும் மேல் கிருமி தொற்றியிருக்க, சோனாகாச்சியில் அது நூற்றுக்குப் பத்தளவிலேயே நின்றது.

இவ்விடத்தில் வாசகர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். இது தீத்தொழிலை வளர்ப்பதாகாதா? நியாயமான கேள்வியே. அதற்குச் சங்கத்துப் பெண்கள் செயலால் விடையளித்தனர். சிறுமியரையும் வஞ்சித்துக் கொண்டுவரப்பட்டோரையும் கண்டு விடுவிப்பதற்கெனத் தாமே குழுக்கள் அமைத்தனர். எந்த ஒழுங்கையில் யார் புதிதாக வந்தார் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? தொழிலை மெச்சுவது வேறு. அதிற் சிக்கிய உயிரைக் காப்பது வேறு.

இன்றைய மருத்துவம்

இக்கிருமி இரத்தத்திலுள்ள வெண்கலங்களுட் சிலவற்றை அழித்து, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கின்றது. அடியோடு ஒழிக்கும் மருந்து பொதுப் பயன்பாட்டில் இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்து உண்டு. 2004ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கம் அதனை இலவசமாக வழங்கி வருகின்றது. நாள்தோறும் தவறாது உட்கொண்டு வருபவரின் இரத்தத்திற் கிருமி சோதனைக்குப் புலப்படாத அளவுக்குக் குறைந்துவிடுமாயின், உடலுறவால் அவரிடமிருந்து பிறர்க்கு அது தொற்றுவதில்லை. ஆகவே ஒருவருக்குச் செய்யும் மருத்துவமே பலருக்குத் தடுப்பாகின்றது. ஆனால் வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டியவர், தம்மை இகழும் வைத்தியசாலைப் படியில் எத்தனை நாள் ஏறுவார்? அன்பான ஒரு சொல்லும் மருந்தின் பகுதியே.

டாக்டர் ஜானா 2021ஆம் ஆண்டு மே மாதத்திற் கொரோனா நோயாற் காலமானார். மறு ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், அத்தொழிலிலுள்ள பெண்களும் மதிப்போடு நடத்தப்பட வேண்டியவர்களே எனப் பொலீஸாருக்கு நெறி வகுத்தது.

நமது நாட்டிலும் பெருமைப்பட இடமுண்டு. தாயிடமிருந்து சேய்க்கு இக்கிருமி தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டிற் சான்றளித்தது. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிற் சோதனையும் மருந்தும் இலவசம். செய்தி வெளியே போகாது. ஆயினும் அந்நிலையத்து வாசல் வரை வந்து, அறிந்தவர் கண்டால் என்னாவது என்றஞ்சித் திரும்புவோரைச் சட்டம் மட்டும் அழைத்துவர முடியாது. ஒரு பாயில் இருந்தாலும், ஒரு கலத்தில் உண்டாலும், கைபற்றினாலும், நுளம்பு கடித்தாலும் இந்நோய் தொற்றாது என்பதை மாணவர்கள் தத்தம் வீட்டிலே எடுத்துரைக்கலாம். பெரியோர் தம் வாயைக் காக்கலாம். வறுமைப் படலையைத் திறக்க அரசாங்கம் வேண்டும். வெட்கத்தையும் ஊரார் வாயையும் அகற்ற நாமே போதும்.