காசு கொடுத்து வாங்கிய கணுக்கால்! - ஆர்லாண்டோ மேஜிக் அணியின் 93 மில்லியன் டாலர் கணக்கு

'அந்த இடத்தை அப்பவே வாங்கிப் போட்டிருந்தா இன்னைக்குக் கோடி ரூபாய்' என்று பெருமூச்சு விடாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் எல்லோருமே மேதைகள்தான். அமெரிக்காவின் கூடைப்பந்து ரசிகர்களுக்கும் இதே பொழுதுபோக்கு உண்டு. 'அந்த வருஷம் இவனை எடுத்ததற்குப் பதில் அவனை எடுத்திருக்கலாம்' என்று அவர்கள் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். அதிலும் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ மேஜிக் அணி ரசிகர்களிடம் '2000' என்று சொன்னால் போதும், கண் கலங்கிவிடும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். ஐ.பி.எல்-லில் ஏலம் நடக்கும். அதிகப் பணம் கேட்கும் அணிக்கு வீரர் போய்விடுவார். அமெரிக்காவின் என்.பி.ஏ-வில் அப்படியில்லை. ஒப்பந்தம் முடிந்த வீரர் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆகிவிடுவார். எந்த ஊருக்குப் போவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அணி நிர்வாகங்கள் மாப்பிள்ளை பார்க்கப் போவதுபோல விமானம் அனுப்பி, ஊரைச் சுற்றிக்காட்டி, விருந்து வைத்துக் கூப்பிட வேண்டும். அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. இன்னொரு முக்கியமான விஷயம்... பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதிய பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். வீரர் காயம்பட்டு வீட்டில் படுத்திருந்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் போகும். அந்தச் சம்பளம் உச்சவரம்புக் கணக்கில் உட்கார்ந்துகொண்டு, வேறு நல்ல ஆளை எடுக்கவும் விடாது.

மேஜிக் அணிக்கு முதல் அடி விழுந்தது 1996-ல். 1992-ல் அவர்கள் தேர்வு செய்து வளர்த்த ராட்சத வீரர் ஷகீல் ஓ'நீல், அணியை 1995-ல் இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். அடுத்த ஆண்டே ஃப்ரீ ஏஜென்ட். அவருக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா என்று உள்ளூர் நாளிதழ் வாசகர்களிடம் கருத்துக் கேட்டது. 90 சதவிகிதத்துக்கும் மேல் 'வேண்டாம்' என்றார்கள். ஓ'நீல் 120 மில்லியன் டாலருக்கு லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கிளம்பிவிட்டார். அங்கே 2000, 2001, 2002 என வரிசையாக மூன்று கோப்பைகள். 'வேண்டாம்' என்று சொன்ன வாசகர்கள் யாரும் பிறகு அதை வெளியில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்!

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2000-ம் ஆண்டு கோடைக்காலத்துக்காக மேஜிக் நிர்வாகம் கஜானாவைக் காலி செய்து காத்திருந்தது. பெரிய சம்பளக்காரர்களை எல்லாம் முந்தைய ஆண்டே அனுப்பிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் பெயர் தெரியாத, ஆனால் விழுந்து புரண்டு விளையாடும் இளைஞர்கள். புதுப் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ் அவர்களை வைத்தே 41 வெற்றி, 41 தோல்வி என்று கொண்டுவந்து சிறந்த பயிற்சியாளர் விருதை வாங்கினார்.

அந்தக் கோடையில் மேஜிக் வலைவீசியது மூன்று பேருக்கு. டிம் டங்கன், கிரான்ட் ஹில், ட்ரேசி மெக்ரேடி. டங்கன் ஆர்லாண்டோவுக்கு வந்தார், சுற்றிப்பார்த்தார், நிறைய யோசித்தார். கடைசியில் சான் அன்டோனியோவிலேயே இருந்துவிட்டார். அதன்பிறகு அங்கே நான்கு கோப்பைகள் வென்றார் என்பது மேஜிக் ரசிகர்களின் தனி வயிற்றெரிச்சல். ஆனால், மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். ஆளுக்கு ஏழு ஆண்டுகள், சுமார் 93 மில்லியன் டாலர்.

அன்றைக்கு யாரைக் கேட்டாலும் 'ஹில்தான் உறுதியான முதலீடு, மெக்ரேடிதான் சூதாட்டம்' என்று சொல்லியிருப்பார்கள். ஹில்லுக்கு 27 வயது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகளுக்கு மேல் குவித்த நட்சத்திரம். மெக்ரேடிக்கோ 21 வயதுதான். டொரன்டோவில் வின்ஸ் கார்ட்டர் என்ற சூப்பர் ஸ்டாரின் நிழலில் இருந்தவர். சீசனின் பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தொடக்க ஐவரில்கூட அவர் இல்லை. இத்தனைக்கும் கார்ட்டர் அவருக்கு உறவுக்காரப் பையன்!

நடந்தது தலைகீழ். மெக்ரேடி முதல் ஆண்டிலேயே வெடித்தார். 2003, 2004 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் என்.பி.ஏ-வின் அதிக சராசரிப் புள்ளிக்காரர் அவர்தான். ஹில்? முதல் சீசனில் 4 ஆட்டங்கள். இரண்டாவதில் 14. மூன்றாவதில் 29. நான்காவது சீசனில் ஒன்றுகூட இல்லை. நான்கு ஆண்டுகளில் 328 ஆட்டங்களில் அவர் ஆடியது 47. ஊரே கனவு கண்ட ஜோடி, 50 ஆட்டங்களுக்குக்கூட ஒன்றாகக் களமிறங்கவில்லை.

காரணம், இடது கணுக்கால். 2000 ஏப்ரலில், டெட்ராய்ட்டில் இருந்தபோதே அது உடைந்திருந்தது. வலியோடு ஆடிக்கொண்டிருந்தவர், பிளே-ஆஃப் சுற்றில் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மேஜிக் அவரை ஒப்பந்தம் செய்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை. 2003 மார்ச்சில் மருத்துவர்கள் அந்தக் கணுக்காலை மறுபடி உடைத்து, எலும்பைச் சீராக்கிப் பொருத்தினார்கள். ஐந்து நாள் கழித்து அவருக்குக் கடும் காய்ச்சல், வலிப்பு. மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமித் தொற்று. உயிருக்கே ஆபத்தான நிலை. காலில் தோல் ஒட்டு சிகிச்சை, மாதக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து. 'சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்' என்று திட்டிக்கொண்டிருந்த மனிதர், பந்தைத் தொடுவோமா என்ற கவலையைத் தாண்டிப் பிழைப்போமா என்ற இடத்தில் இருந்தார்.

இந்தக் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. ஹில் வந்தது வெறும் கையெழுத்தில் அல்ல, இரண்டு அணிகளும் பேசிச் செய்துகொண்ட பரிமாற்றத்தில். அவருக்குப் பதிலாக ஆர்லாண்டோ, டெட்ராய்ட்டுக்கு அனுப்பிய இருவரில் ஒருவர் பென் வாலஸ். எந்த அணியும் தேர்வு செய்யாமல் பின்வாசல் வழியாக என்.பி.ஏ-வுக்குள் நுழைந்தவர். ஆட்டத்துக்கு ஐந்து புள்ளிகள்கூட எடுக்காதவர். கொசுறு என்று நினைத்து அனுப்பிய இந்த வாலஸ்தான், அடுத்த ஆறு ஆண்டுகளில் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வென்றார். 2004-ல் டெட்ராய்ட்டுக்குக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்.

2003 பிளே-ஆஃப் முதல் சுற்றில் மேஜிக்கும் பிஸ்டன்ஸும் மோதியபோது இந்தக் கணக்கு முகத்துக்கு நேரே வந்து நின்றது. மேஜிக் 3-1 என்று முன்னிலை. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். இரண்டாவது சுற்றுக்குப் போவது எவ்வளவு சந்தோஷம் என்று மெக்ரேடி பத்திரிகையாளர்களிடம் பேசியேவிட்டார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் பிஸ்டன்ஸ் வென்றது. மறு சீசனில் மேஜிக் 82-ல் வென்றது 21 ஆட்டங்கள் மட்டுமே. வெறுத்துப்போன மெக்ரேடி ஹூஸ்டனுக்கு மாறிவிட்டார்.

அப்படியானால் ஹில்லை எடுத்தது முட்டாள்தனமா? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவரை எடுக்க அன்றைக்கு மற்ற அணிகளும் ஆசைப்பட்டன. 'வாலஸைத் தாரை வார்த்துவிட்டார்கள்' என்ற புகாரும் முழு நியாயமில்லை. வாலஸின் ஒப்பந்தமும் அப்போது முடிந்திருந்தது. அவரை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கும் உச்சவரம்பில் இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நட்சத்திரங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஆனால், ஒரு கேள்வியிலிருந்து மட்டும் நிர்வாகம் தப்ப முடியாது. உடைந்த கணுக்கால் அன்றைக்கே தெரிந்த விஷயம். அது ஆறாத காலோடு ஒருவரை ஆரம்ப சீசனிலேயே ஆடவைக்க என்ன அவசரம்? ஒப்பந்தத்தைவிட அந்த அவசரம்தான் பெரிய தப்பாகத் தெரிகிறது.

அதே ஆர்லாண்டோவில் இதற்கு நேர் எதிரான கதையும் நடந்தது. 2004-ல் ஹெடோ துர்கோக்ளு என்ற துருக்கி வீரரைப் பெரிய ஆரவாரமில்லாமல் எடுத்தார்கள். 2008-ல் அவர்தான் அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதைப் பெற்றார். 2007-ல் ரஷார்ட் லூயிஸுக்கு ஆறு ஆண்டுகளுக்கு சுமார் 118 மில்லியன் டாலர் கொடுத்தபோது நாடே சிரித்தது. 'இவருக்கா இவ்வளவு?' என்று கேட்காத விமர்சகர் இல்லை. உண்மையில் அது அதிக விலைதான். ஆனால், உயரமான லூயிஸை வளையத்துக்கு அருகில் நிறுத்தாமல் வெளியே நிறுத்தி மூன்று புள்ளி வீசவிட்டார் பயிற்சியாளர் ஸ்டான் வான் கண்டி. உள்ளே ட்வைட் ஹோவார்டுக்கு ஏகப்பட்ட இடம் கிடைத்தது. இந்த ஹோவார்ட், 21 வெற்றி மட்டுமே பெற்ற அந்த மோசமான சீசனுக்குப் பிறகு முதல் தேர்வாகக் கிடைத்தவர்!

2009-ல் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லேண்டை அவர்கள் ஊரிலேயே சந்தித்தது மேஜிக். முதல் ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் லூயிஸ் வீசிய மூன்று புள்ளியால் 107-106 வெற்றி. அந்தத் தொடரை வென்று இறுதிப்போட்டிக்கும் போனார்கள். அங்கே லேக்கர்ஸிடம் 4-1 என்று தோற்றாலும், 1995-க்குப் பிறகு அந்த ஊர் பார்த்த முதல் இறுதிப்போட்டி அது. அடுத்த ஆண்டே லூயிஸின் ஆட்டம் சரியத் தொடங்கியது. 2010 டிசம்பரில், அதைவிட பாரமான ஒப்பந்தம் வைத்திருந்த கில்பர்ட் அரினாஸுக்காக அவரைக் கைமாற்றினார்கள். 118 மில்லியனுக்கு இரண்டு நல்ல ஆண்டுகள். நஷ்டமா, லாபமா என்று ஆர்லாண்டோவில் கேட்டால், அந்த 107-106 ஆட்டத்தைப் பார்த்தவர் ஒரு பதிலும், கணக்கு எழுதுபவர் வேறு பதிலும் சொல்வார்.

லூயிஸை எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2007-ல் ஹில்லின் ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்தது. அதில் காலியான இடம்தான் லூயிஸுக்குப் போனது. ஏழு சீசன்களில் மொத்தம் 200 ஆட்டங்கள் ஆடிய ஹில், மிகக் குறைந்த சம்பளத்துக்கு ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்குப் போனார். 2008-09 சீசனில், 36 வயதில், தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக 82 ஆட்டங்களிலும் ஆடினார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.