மாரடைப்பு நேரத்தில் பி.பி. ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து!

"மாமாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். பி.பி. பார்த்தோம், 170 இருக்கு. அதனாலதான் வலி. கூட ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வெச்சிருக்கோம்."

இந்த மாதிரிப் பேச்சு நம் காதுக்குப் புதிதல்ல. பி.பி. பார்க்கும் மிஷின் இன்று பல வீட்டு அலமாரியில் இருக்கிறது. நம்பரைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாம், அந்த நம்பருக்கும் இதயத் தசைக்கும் என்ன சம்பந்தம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா, சகோதரிகளே?

இதயமும் நம்மைப் போலத்தான்!

கைப்பிடி அளவே உள்ள இந்தத் தசைப் பை, ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை உடம்புக்கு அனுப்புகிறது. அது உழைக்க அதற்கும் ரத்தம் வேண்டுமே? அதைக் கொண்டுவருபவை கரோனரி ரத்தக் குழாய்கள்.

இதில் ஒரு விசேஷம். இதயத்தின் இடது பாகம் சுருங்கும்போது தசை இறுகி, தனக்குள் இருக்கும் குழாய்களையே நெருக்கிவிடும். அது விரிந்து ஓய்வெடுக்கும் அந்தக் கண நேரத்தில்தான் தனக்கு வேண்டிய ரத்தத்தில் பெரும்பங்கைப் பெறுகிறது. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கொஞ்சம் ஓய்ந்தபிறகு சாப்பிட உட்காருகிறோமே, நாம்! அதே கதைதான். 120/80 என்று சொல்கிறோமே, அதில் கீழே உள்ள 80, இதயம் ஓய்வாக இருக்கும்போது குழாயில் உள்ள அழுத்தம். இதயத்துக்குச் சாப்பாடு போடுவது முக்கியமாக அதுதான்.

ஏறினால் என்ன ஆகும்?

கரோனரிக் குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. முழுதாக அடைபட்டால், 20, 30 நிமிஷத்துக்குள்ளேயே தசை சாக ஆரம்பித்துவிடும். பிறகு மணிக்கணக்கில் அது பரவிக்கொண்டே போகும்.

வலியாலும் பயத்தாலும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. நாடி வேகமாகி, பி.பி. ஏறுகிறது. அதாவது, பல பேருக்கு அந்த 170 வலிக்குக் காரணமல்ல, வலியின் விளைவு! அழுத்தம் ஏறினால் இதயம் இன்னும் பலமாகத் தள்ள வேண்டும். அதிக ஆக்ஸிஜன் வேண்டும். துடிப்பு வேகமானால் ஓய்வு நேரமும் குறையும். வேலை கூடுகிறது, சாப்பாடு குறைகிறது. சாகும் தசையின் அளவு இதனால் அதிகமாகலாம்.

இறங்கினால்?

இது இன்னும் மோசம். தசை பலவீனமானதும் ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்து, பி.பி. இறங்குகிறது. இறங்கினால் இதயத்துக்கே ரத்தம் போதாது. தசை மேலும் சோர்ந்துவிடும், பி.பி. மேலும் இறங்கும். இந்த விஷச் சுழல் முற்றினால் அதை 'கார்டியோஜெனிக் ஷாக்' என்கிறார்கள் டாக்டர்கள். மேல் நம்பர் 90-க்குக் கீழே போய் அப்படியே நிற்கும். கை கால் சில்லிட்டு, வியர்த்துக் கொட்டி, மனம் குழம்பி, சிறுநீரும் குறைந்துவிடும்.

இதற்கு என்ன வழி? டாக்டர் ஜூடித் ஹாக்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் தலைமையில் இந்த நிலையில் இருந்த 302 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1999-ல் வெளியானது. மருந்தால் முதலில் நிலைப்படுத்திப் பார்த்தவர்களில் 6 மாதத்துக்குள் 100-க்கு 63 பேர் இறந்தார்கள். சீக்கிரமே அடைப்பை நீக்கியோ, பைபாஸ் செய்தோ ரத்த ஓட்டத்தைத் திறந்தவர்களில் அது 50 ஆகக் குறைந்தது. ஆக, நம்பரைச் சரிசெய்வது மட்டும் போதாது. குழாய் திறக்க வேண்டும். அது வீட்டில் நடக்கிற காரியமா?

நாம் செய்ய வேண்டியது

* நெஞ்சில் அழுத்தம், தாடை, முதுகு, இடது கைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை: உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பி.பி. நார்மலாக இருந்தாலும் மாரடைப்பு இருக்கலாம்; ஈ.சி.ஜி. எடுக்காமல் நிம்மதி அடையாதீர்கள்.

* நடக்கவோ மாடிப்படி இறங்கவோ விடாதீர்கள். சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். தலை சுற்றி மயக்கம் வந்தால் படுக்க வையுங்கள்.

* கூடுதல் பி.பி. மாத்திரை வேண்டவே வேண்டாம். திடீரென்று அழுத்தம் சரிந்துவிடும்.

* நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். பி.பி. ஏற்கெனவே குறைந்திருந்தாலோ, இதயத்தின் வலது பாகம் பாதிக்கப்பட்டிருந்தாலோ அது ஆபத்து. ஆஸ்பிரினும் டாக்டரோ 108-ல் பேசுபவரோ சொன்னால் மட்டும்.

* வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும், நீங்கள் பார்த்த பி.பி. நம்பரையும் நேரத்தோடு எழுதி, கையோடு கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. நமக்கு வரும்போது வலி பெரிதாக இல்லாமல், மூச்சு வாங்குதல், குமட்டல், சொல்லத் தெரியாத அசதி என்றும் வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும், குழந்தைகளை ஸ்கூலுக்கு அனுப்பிட்டுப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். குழந்தைகள் ஒரு நாள் ஸ்கூலுக்குப் போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அம்மா வேண்டுமே!